ஈரப் பஞ்சு

நிலவுக் குடியிருப்பில் வாரம் ஒருமுறை எலும்பூசி போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்த லேசான ஈர்ப்பில் எலும்பு பொடிந்துவிடும். ஊசி போடுவது ஊசியன் என்ற எந்திரம். குத்துவதற்கு முன் அது பாய்ச்சும் சுடரொளியில் தோலில் உள்ள கிருமி அத்தனையும் செத்துவிடும். துடைக்கவே வேண்டியதில்லை.

மனித மனசு கேட்குமா? பஞ்சு வைத்துத் தேய்க்காத ஊசியை ஊசி என்றே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்காகவே நர்ஸ் ஜெசிந்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தீப்பிடிக்கும் என்று ஸ்பிரிட்டுக்கு அங்கே தடை. அவள் கிண்ணத்தில் இருந்தது ஸ்பிரிட் வாசனை ஏற்றிய வெறும் தண்ணீர். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஊர், கிண்ணத்தைக் கழுவ அவளுக்கு மனம் வராது. பஞ்சு குறையக் குறைய மேலே போட்டு நனைத்துக்கொள்வாள். ஊசிக்கு முன்னால் ஒரு துடைப்பு, பின்னால் ஒரு தேய்ப்பு.

சுரங்கத் தொழிலாளர்கள் சிலருக்கு ஊசி போட்ட இடம் வீங்கத் தொடங்கியது.

"மெஷின் மேலதாங்க எனக்குச் சந்தேகம்," என்று கணவன் சூசையிடம் புலம்பினாள் ஜெசிந்தா.

"நீ பாத்துத் துடைச்சிரு, எனக்கு ஒண்ணும் ஆவாது," என்றான் அவன். அந்த வாரம் அவனுக்கு மட்டும் கூடுதலாகவே தேய்த்தாள், பாவி மகள்.

சூசையின் தோள் பூசணிக்காயாக வீங்கியது. காய்ச்சல் எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. ஜெசிந்தா ஊசியன் முன்னால் போய் நின்று, "என்னத்தக் குத்தித் தொலைச்ச?" என்று கத்தினாள்.

"நான் குத்தும்போது தோலில் கிருமி இல்லை. அதன்பின் நீங்கள் தேய்க்கும் பஞ்சில் இருக்கிறது."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நான் பேசினால் பயமாக இருக்கிறது என்று ஊரார் சொன்னார்கள். கேட்டால் மட்டுமே பேச எனக்கு அனுமதி. யாரும் கேட்கவில்லை."

ஐயோ, அவள் தன் கைகளைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்று மாலையே சூசை போய்ச் சேர்ந்தான்.

ஊர்க் கூட்டத்தில் அழுதுகொண்டே எழுந்தாள். "மெஷின் மேல தப்பில்ல. என் பஞ்சுதான் அவரக் கொன்னுது."

தலைவர் திரவியம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புருஷனப் பறிகொடுத்த துக்கம். பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு." அந்த வெளிச்சம்தான் தோலைப் பொசுக்கி வீங்க வைக்கிறது என்று சொல்லி, ஊசியனின் சுடரொளியை அணைத்துவிடுவதென்று ஒருமனதாக முடிவாயிற்று.

அடுத்த ஊசி நாளில் ஜெசிந்தா முதல் வேலையாகக் கிண்ணத்தைக் குப்பையில் கவிழ்த்தாள். "இனிமே யாருக்கும் துடைக்க மாட்டேன்," என்றாள்.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க சிரமப்படாதீங்க சிஸ்டர்," என்று வரிசையில் முதலில் நின்ற பெண் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு, வீட்டிலேயே நனைத்துக் கொண்டுவந்திருந்த பஞ்சைப் பையிலிருந்து எடுத்தாள். வரிசையில் எல்லார் கையிலும் ஒன்று இருந்தது.