இந்தப் பக்கம் முடியட்டும்

பாட்டு இழுத்துக்கொண்டு போனது. மூச்சு மட்டும் சரியான வேகத்தில் இருந்தது.

தப்பு அவருடையதுதான். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்றில் ஓட வேண்டிய தட்டைத் தூக்கக் கலக்கத்தில் முப்பத்து மூன்றிலேயே விட்டுவிட்டார். இருபத்தாறு வருடமாக இசைத்தட்டுகளைக் கேட்டுச் சரிபார்க்கிறவர் செய்கிற காரியமா இது! பாடகியின் குரல் சளி பிடித்த ஆண்குரலாகக் கனத்து, வயலின்கள் பாரம் இழுப்பதுபோல முனகின. ஆனால் இரண்டு பாட்டுக்கு நடுவிலிருந்த இடைவெளியில் யாரோ நிதானமாக மூச்சு விட்டார்கள்.

வேகத்தை மாற்றினார். பாடகி மறுபடி பாடகியானாள். அடுத்த இடைவெளியில் அந்த மூச்சு, மாடிப்படி ஏறி வந்தவள்போல இரைத்தது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, டேப்பிலிருந்து இந்த மாதிரித் தட்டுகளை வெட்டித் தந்தவருக்குப் போன் போட்டார்.

"டேப்புல அப்படி எதுவுமே இல்லண்ணே. நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு? நாலு பக்கமும் கேட்டு ஒரு கையெழுத்த போட்டு விடுங்க. நாளைக்குக் காலைல ஐந்நூறும் அச்சுக்குப் போகணும்."

அந்த ஐந்நூறுக்கும் எண் போட்ட பெட்டி, கனத்த தட்டு. ஒரு தட்டில் அடங்குகிற பழைய பாட்டுகளை இரண்டு தட்டில் பரப்பி, வேகத்தைக் கூட்டி, ஒலியைத் துல்லியமாக்கி விற்பார்கள். வாங்குகிறவர்கள் பாட்டைவிட, பாட்டுகளுக்கு நடுவே இருக்கும் அமைதியைத்தான் உன்னிப்பாகக் கேட்பார்கள். அங்கே ஒரு பொட்டுச் சத்தம் வந்தாலும் குடியே முழுகிப்போன மாதிரி கடிதம் எழுதுவார்கள்.

தூக்கம் இல்லாதது உண்மைதான். மனைவிக்கு இதய ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். தனியாக எழுந்திருக்கவே கூடாது, கூப்பிட்டால் உடனே போகவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். மத்தியானத்திலும் திரை போட்டு இருட்டாக்கிய வீடு, மருந்து வாடை, குழாயின் சொட்டு. இருபத்தோரு ராத்திரி அவள் மூச்சை எண்ணிக்கொண்டே கிடந்தவர் அவர்.

அந்த மூச்சு யாருடையது என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் பக்கம் பாதி ஓடியபோது அவள் கூப்பிட்டாள். "என்னங்க... கொஞ்சம் வாங்களேன்."

பாதியில் முள்ளைத் தூக்கினால் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து கேட்கவேண்டும். அதுதான் தொழில் விதி. ஒரு காதை மட்டும் விலக்கி, கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவருவதைச் சொன்னார். "இரு, இந்தப் பக்கம் முடியட்டும்."

பக்கம் முடிந்தது. அவள் மறுபடி கூப்பிடவில்லை. தூங்கியிருப்பாள், பாவம், தூங்கட்டும் என்று நான்காம் பக்கத்தைப் போட்டார். உடம்பு அவ்வளவு அசந்திருந்தது.

கடைசிப் பாட்டும் முடிந்தது. முள் வெற்றுத் தடத்துக்கு வந்தது. டிக். டிக். மூச்சு இரைத்தது. கை தானாகப் போய் வேகத்தை முப்பத்து மூன்றுக்குக் குறைத்தது.

மூச்சு சீரானது. பிறகு தொண்டையைச் செருமும் சத்தம்.

"என்னங்க... கொஞ்சம் வாங்களேன்."

குழாய் சொட்டியது. தட்டுக்குள்ளே.

"இரு, இந்தப் பக்கம் முடியட்டும்."

அவருடைய குரல். அவருடைய சலிப்பு. அதன் பிறகு அவர் கேட்காத சத்தங்கள். கட்டில் கிரீச்சிட்டது. வெறுங்கால் தரையில் பட்டது. தம்ளர் விழுந்து உருண்டது. கனமாக ஏதோ சரிந்தது.

அதற்கப்புறம் மூச்சு இல்லை.

முள்ளைத் தூக்கினார். கருவியின் பிளக்கைப் பிடுங்கினார். ஹெட்போனை மேஜையில் வீசிவிட்டு ஓடினார். ஐயோ, ஒரு எட்டு வந்து பார்த்திருக்கக் கூடாதா.

தரையில் தம்ளர் கிடந்தது. தண்ணீர் காய்ந்துவிட்டிருந்தது.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முதுகு காட்டி. நேராக.

அப்பாடா. உயிரே திரும்பி வந்தது அவருக்கு. "என்னம்மா, விழுந்திட்டியா? ஏன் தனியா எழுந்திரிச்சே?"

அவள் திரும்பினாள். மெதுவாக. மிக மெதுவாக. இமை இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. வாய் திறந்தது.

"எ... ன்... ன... ங்... க..."

கனத்த குரல். ஆண்குரல். இழுவை. வேகம் குறைந்த தட்டு.

சுவரைப் பிடித்துக்கொண்டார்.

முன் அறையில், மேஜைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து அவள் குரல் வந்தது. சரியான வேகத்தில். சின்னதாக, தெளிவாக, அழுதுகொண்டு.

"என்னங்க, இங்க ஒரே இருட்டா இருக்கு. கொஞ்சம் வாங்களேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் அங்கேயே பதில் வந்தது.

"இரு, இந்தப் பக்கம் முடியட்டும்."