இரண்டையும் தவற விடு!

ட்ர்ர்ர்ரிங்...!

செல்போன் அலறியபோது ரொதியோன் ஸவ்யாலவ் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து, இடது முட்டியில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தான்.

பெர்ம் நகரம். மார்ச் மாத ஞாயிறு. பகல் இரண்டு மணி. நாலு மணிக்கு மேட்ச்!

தெரியாத எண்.

"ஹலோ..."

"ஸவ்யாலவா?" கரகரத்த குரல். "இன்னிக்கு கடைசி நிமிஷத்துல உன்னைத்தான் ஃபவுல் பண்ணுவாங்க. ரெண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். ரெண்டையும் தவற விடு!"

"டேய்... யார்டா நீ?"

"பந்து உள்ளே போச்சுன்னா, உன் முட்டி வெளியே வந்துடும்!"

ரொதியோன் பட்டையைக் கீழே போட்டு எழுந்தான். குரல் விடவில்லை.

"உனக்கென்ன கஷ்டம்? பதினேழு வருஷமா இலவசமாத்தானே தவற விடறே!"

க்ளக்.

லைன் செத்தது.

மிரட்டல்கூட வலிக்கவில்லை. அந்தக் கடைசி வாக்கியம்தான் சுட்டது!

காரணம் இருந்தது.

ரொதியோன் ஏழடி உயரம். வயது முப்பத்தாறு. ஸொலிகாம்ஸ்க் உப்புச் சுரங்கத் தொழிலாளியின் மகன். பத்தொன்பது வயதில் பர்னவூல் கூடைப்பந்து கிளப்பில் முதல் ஒப்பந்தம். அப்புறம் விளாதிவஸ்தோக், சராத்தவ், ஒரு வருடம் துருக்கி... கடைசியில் பெர்ம். பலகையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பறிப்பதில் லீக்கிலேயே அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால்... ஃப்ரீ த்ரோ!

யாரும் தடுக்க மாட்டார்கள். கோட்டில் நின்று நிதானமாகக் கூடையில் போட வேண்டும். அவ்வளவுதான். ரொதியோன் பத்துக்கு மூன்று போட்டால் அதிசயம். தேசிய அணி ஒருமுறை கூப்பிட்டது. ஒரே மேட்ச்சில் ஒன்பதைத் தவறவிட்டான். மறுபடி கூப்பிடவில்லை. இழுபறியான மேட்ச்களில் எதிரணிக்காரர்கள் பந்தை விட்டுவிட்டு இவனைத்தான் வந்து பிடிப்பார்கள்!

இன்று தோற்றால் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். அதன் பிறகு முப்பத்தாறு வயது முட்டியை எந்த கிளப்பும் சீந்தாது.

நேராகக் கோச்சின் அறைக்கு நடந்தான்.

கோச் க்லெப் அர்க்காதியெவிச் சுடச்சுட ஒரு இறைச்சி அப்பத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அப்பம் சாற்றைப் பீய்ச்சியது. டை நாசம்!

"சூதாட்டக்காரப் பசங்களா?"

"அப்படித்தான் தோணுது. போலீஸுக்குச் சொல்லிடுங்க. இன்னிக்கு நான் தவற விட்டா, மேட்ச்சை வித்துட்டான்னு பேசுவாங்க."

"உன்னை பெஞ்ச்சுல உட்கார வெச்சிடவா? பத்திரமா இருப்பே."

"வேணாம்."

"பயமா இல்லே?"

"கோபமா இருக்கு, க்லெப் அர்க்காதியெவிச்! இலவசமாவாம்... இலவசமா!"

அரை மணியில் மேஜர் அக்லாயா லுக்கீனிச்னா வந்தாள். ஐம்பது வயது. கம்பளித் தொப்பி. கூர்மையான கண்கள்.

"நம்பரை விசாரிக்கச் சொல்லிட்டேன். வாசல்ல நாலு பேர், உள்ளே ஆறு பேர் நிறுத்தியிருக்கேன். நீங்க உங்க ஆட்டத்தை ஆடுங்க, ஸவ்யாலவ். ஒரே ஒரு கேள்வி."

"கேளுங்க."

"வழக்கமா தவற விடறீங்களே, அதுக்கும் யாராவது மிரட்டினாங்களா?"

கோச் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

நாலு மணி. விசில்!

அரங்கில் உட்கார இடமில்லை. மூன்றாவது வரிசையில் ரொதியோனின் மனைவி தயீஸியா. பல் டாக்டர். பதினோரு வருடமாக ஒரு ஹோம் மேட்ச்சைக்கூட விட்டதில்லை.

மேட்ச் இழுத்தது... இழுத்தது...

எழுபத்தொன்பது - எழுபத்தெட்டு. எதிரணி ஒரு புள்ளி முன்னால்.

நான்கு விநாடிகள்!

பந்து ரொதியோனின் கைக்கு வந்த அடுத்த நொடி, இருவர் அவன் தோளில் தொங்கினார்கள்.

ஃபவுல்! இரண்டு ஃப்ரீ த்ரோ!

எதிரணி ரசிகர்கள் இப்போதே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சொந்த ரசிகர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ரொதியோன் கோட்டில் நின்றான். எப்போதும் இந்த இடத்தில் அவன் பந்தைக் கெஞ்சுவான். போயிடு, போயிடு, தயவுசெய்து... இன்று கெஞ்சத் தோன்றவில்லை. காதில் அந்தக் கரகரப்புதான்.

'இலவசமாத்தானே...'

"இந்தாடா!"

சர்ர்ரக்! வலையைத் தவிர எதையும் தொடாமல் இறங்கியது பந்து.

எழுபத்தொன்பது - எழுபத்தொன்பது!

"இதுவும் இந்தா!"

சர்ர்ரக்!

அடுத்த நான்கு விநாடிகளில் எதிரணியின் கடைசி வீச்சை ஒற்றைக் கையால் தட்டிவிட்டான். சைரன் அலறியது. கூரை பறக்காதது ஆச்சரியம்!

அரை மணி கழித்து உடை மாற்றும் அறைக் கதவு திறந்தது.

"ஆள் அகப்பட்டாச்சு!" மேஜர் உள்ளே வந்தாள். "நேத்து வாங்கின சிம். கடை கேமராவுல முகம் பளிச்சுன்னு இருக்கு. கூட்டிட்டு வாங்க!"

ரொதியோன் முஷ்டியை மடக்கினான்.

இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் நின்றது...

தயீஸியா!

"நீயா?!"

"நான்தான், ரோத்யா. க்ளினிக் பஞ்சை ரெண்டு கன்னத்துலயும் அடைச்சுக்கிட்டுப் பேசினேன்."

"பைத்தியமா உனக்கு? நான் செத்தே போயிருப்பேன்!"

"சாகலையே. ஜெயிச்சியே!" அவள் கண் கலங்கியிருந்தது. "சராத்தவ்ல ஒருநாள் ரெஃப்ரிகிட்ட சண்டை போட்டுட்டு ஃப்ரீ த்ரோ கோட்டுல வந்து நின்னே. ஆறுக்கு ஆறு போட்டே. அன்னிக்கே புரிஞ்சுது. பயந்தா உன் கை நடுங்குது... கோபம் வந்தா நடுங்கறதில்லே. இன்னிக்குத் தோத்தா உன் ஆட்டமே முடிஞ்சுதுன்னு நேத்து ராத்திரி பூரா நீ தூங்கலே. நான் மட்டும் தூங்கினேனா?"

ரொதியோனின் முஷ்டி தளர்ந்தது.

மேஜர் தொண்டையைச் செருமினாள்.

"பொய் மிரட்டல் குற்றம்தான். பத்துப் பேரும் நானும் ஞாயித்துக்கிழமையை உங்க வீட்டுச் சண்டைக்குச் செலவு பண்ணியிருக்கோம். ஆனா புகார் குடுத்தது நீங்க. எழுத்துல பதியணுமா?"

ரொதியோன் மோவாயைத் தடவினான்.

"கொஞ்சம் யோசிக்கணும்..."

"ரோத்யா!"

"சரி சரி, வேணாம்!"

அறை அதிரச் சிரிப்பு. மேஜர்கூட வந்த சிரிப்பைத் தொப்பிக்குள் மறைத்தாள்.

கோச் முன்னால் வந்தார். "கிளப் தலைவர் இப்பத்தான் சொன்னார்டா. இன்னும் ஒரு வருஷ ஒப்பந்தம்! ஆனா ஒரு சிக்கல். அடுத்த சீசன்ல தயீஸியா போன் பண்ணினா இவன் கண்டுபிடிச்சிடுவானே. யாரை வெச்சு மிரட்டறது?"

தயீஸியா கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணடித்தாள்.

"எங்கம்மா இருக்காங்களே... அவங்களுக்குப் பஞ்சே தேவைப்படாது!"