முகப்பேறிய பூஜடை

கச்சிபௌலியில் மழை வந்தாலும் போக்குவரத்து நின்றுவிடும், வராவிட்டாலும் நின்றுவிடும். அதனால் அந்த வெள்ளிக்கிழமை மாலை, கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட ஸ்ரீகாந்த் பதற்றமில்லாமல் கேன்டீனில் மிர்ச்சி பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். எதிரே ரோஸ்லின் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவள் நாகர்கோவில்காரி, இணையதளங்களில் எங்கே ஓட்டை என்று தேடிக் கண்டுபிடிப்பது உத்தியோகம். அவளுக்கு உதவியாளன் என்பது ஸ்ரீகாந்த் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பதவி.

பக்கத்துக் குழுவில் வேலை பார்க்கும் பாமா, சிவந்த கண்களோடு வந்து உட்கார்ந்தாள்.

"ரோஸ்லின், என் கல்யாணம் நின்னுடும் போல இருக்கு."

விஷயம் இதுதான். பாமாவுக்கும் நந்தகுமாருக்கும் தை மாதம் கல்யாணம். அவள் தம்பி ஜகதீசன் அதற்கென்றே ஓர் இணையதளம் செய்திருந்தான். உறவினர்கள் படம் போட்டு வாழ்த்து எழுத அதில் ஓர் ஆல்பம். இலவசமாகக் கிடைத்த பிளக்கின் என்ற துணைநிரல் ஒன்றைத் தளத்தில் மாட்டி அதைச் செய்திருந்தான். விருந்தினர் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல், கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடித்தாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை, தளத்தின் முகப்பில் இருந்த ஜோடிப் படத்தைக் காணோம். அந்த இடத்தில் மூன்று வயது நந்தகுமார்! பட்டுப்பாவாடை கட்டி, பூஜடை பின்னி, பின்னல் தெரியக் கண்ணாடி முன்னால் நிறுத்தி ஸ்டுடியோவில் எடுத்த படம். பெற்ற பிள்ளைக்கு ஒரு தடவையாவது பூ வைத்து அழகு பார்க்காத தாய் எந்த ஊரில் இருக்கிறாள்? ஆனால் வீட்டுச் சுவரில் தொங்கும்வரைதான் அது அழகு. ஊர் பார்த்தால் மானம் போயிற்று.

"அவர் ஆபீஸ்ல எல்லாரும் 'அக்கா'ன்னு கூப்பிடறாங்களாம். அத்தை கொதிச்சுப் போயிட்டாங்க. முகப்பை மாத்தற உரிமை ஜகதீசனுக்கு மட்டும்தானே? போன வாரம் அவங்க வீட்டுல சாப்பிடப் போனப்ப, ஹால்ல மாட்டியிருந்த அந்தப் படத்தைப் பார்த்து இவன் விழுந்து விழுந்து வேற சிரிச்சான். 'அந்தப் பையன் பொரி போட மேடை ஏறக் கூடாது'ங்கறாங்க. தம்பி பொரி போடாம நான் மணையில உட்கார மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"ஜகதீசன் என்ன சொல்லுதான்?" என்றாள் ரோஸ்லின்.

"செய்யாததுக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேங்கறான். ஆனா விருந்தினர் யாரும் முகப்பைத் தொட முடியாதுன்னும் அவனேதான் சொல்றான்."

"அப்ப கேஸ் முடிஞ்சுது!" என்று ஸ்ரீகாந்த் பஜ்ஜியை உயர்த்தினான். "அவன்தான்!"

"பொறு மக்கா."

ரோஸ்லின் மடிக்கணினியைத் திறந்து, பத்திரிகையில் இருந்த கடவுச்சொல்லை அடித்தாள். முகப்பிலிருந்து ஜகதீசன் நீக்கிய படம் ஆல்பத்தில் இன்னும் இருந்தது. அதைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தாள்.

"சுவர்ல மாட்டினபடியே மொபைல்ல எடுத்திருக்கு. படச் சட்டத்துக் கண்ணாடியில ஒரு கை தெரியுது, பாரு."

ஸ்ரீகாந்த் பார்த்தான். மொபைலைப் பிடித்த கை. புறங்கைப் பக்கம் மணிக்கட்டில் ஒரு தோல் வார், அதன் கொக்கி. அவ்வளவுதான், முகம் தெரியவில்லை.

"வாட்ச் கட்டின கை. ஊர்ல பாதிப் பேர் வாட்ச் கட்டறாங்க" என்றான் சப்பென்று.

"ஞாயித்துக்கிழமை எல்லாரையும் ஒரே இடத்துல பார்க்கணும்" என்றாள் ரோஸ்லின்.

ஞாயிறு மாலை திருமுல்கேரியில், மாப்பிள்ளை வீட்டு ஹாலில் இரண்டு குடும்பமும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தது. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் நந்தகுமாரின் அம்மா கனகவல்லி எல்லோருக்கும் கேசரி கொடுத்தாள். ஜகதீசனுக்கு மட்டும் முந்திரி இல்லாமல் கொடுத்தாள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெற்ற அவள் கணவர் ராமசுவாமி, யாசகம் கேட்பவர்போல உள்ளங்கையை விரித்து மணி பார்த்தார்.

"கனகு, இன்னும் ராகுகாலம். முடிஞ்சப்புறம் பேசலாமே?"

"நக்கோ! அதெல்லாம் வேணாம். எனக்கு இப்பவே தெரியணும்."

ரோஸ்லின் மடிக்கணினியை அவள் முன் வைத்தாள். "ஆன்ட்டி, பத்திரிகையில இருக்கிற கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போங்க. ஏதாவது ஒரு படத்துக்குக் கீழே இருக்கிற நட்சத்திரத்தை அழுத்துங்க."

கனகவல்லி அழுத்தினாள். மறுகணம் முகப்பில், நாற்காலியில் வாய் பிளந்து தூங்கும் பெரியவர் ஒருவர் தோன்றினார்.

"ஐயோ, சித்தப்பா!" என்று அலறினாள். "நான் ஒண்ணும் பண்ணலையே!"

நந்தகுமார் சிரித்துவிட்டான். ஜகதீசனோ வெளிறிப்போனான். "விருந்தினரால எப்படி முடிஞ்சுது?"

"கல்யாண மண்டபத்து வாசல்ல சந்தனம் கொடுத்து உள்ளே விடுதோம்" என்றாள் ரோஸ்லின். "உள்ளே வந்துட்டாங்கங்கிறதுக்காக எல்லாரும் மேடை ஏறித் தாலி கட்ட முடியுமா? மேடையில நிறுத்திக் கேப்பாங்கல்லா, நீ யாருன்னு? அந்தக் கேள்வி இந்தப் பிளக்கின்ல இல்ல. உள்ளே வந்தவனான்னு பார்க்குது. இதைச் செய்ய உரிமை உள்ளவனான்னு பார்க்கல. நட்சத்திரம்னா முகப்புல வைக்கிற பொத்தான். யார் அழுத்தினாலும் வேலை செய்யும்."

"அப்ப யார் அழுத்தினது?" கனகவல்லியின் குரல் இறங்கியிருந்தது.

"மொபைலைப் பிடிச்சுப் படம் எடுத்தா, எதிர்ல இருக்கிற கண்ணாடிக்குப் புறங்கைதான் தெரியும். வாட்ச் கட்டினவங்களுக்கு அங்கே வாட்ச்சோட முகம் தெரியணும். இதுல கொக்கிதான் தெரியுது. வாட்ச்சை உள்பக்கமாகக் கட்டின கை."

ஸ்ரீகாந்த் அவசரமாகச் சுற்றிலும் பார்த்தான். ஜகதீசன் கையில் வாட்ச்சே இல்லை. நந்தகுமாருக்கு வெளிப்பக்கம். பிறகுதான் அந்த விரித்த உள்ளங்கை அவன் நினைவுக்கு வந்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

"ஒர்க்‌ஷாப் பழக்கம்மா" என்றார் ராமசுவாமி மெல்ல. "இரும்புல பட்டு வாட்ச் கண்ணாடி உடையும்னு உள்பக்கமாத் திருப்பிக் கட்டுவோம்."

"ஏங்க!"

"வாழ்த்து எழுத உட்கார்ந்தேன், எழுத வரல. அந்தப் படத்தைப் போட்டேன். கீழே நட்சத்திரம் இருந்துச்சு. பிடிச்சா அழுத்தணும்னு நினைச்சேன். எனக்குப் பிடிச்சிருந்துச்சு. காலையில நீ போட்ட கூச்சல்ல வாய் திறக்கப் பயம். முகப்போட சாவி தம்பிகிட்ட இருக்கு, நான் எப்படி மாத்தியிருப்பேன்னு மனசைச் சமாதானம் பண்ணிக்கிட்டேன்." அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். "அந்த ஜடையை நீ விடியக்காலையில ஆரம்பிச்சு மத்தியானம் வரைக்கும் பின்னினே, கனகு. அதுக்கு மேல வாழ்த்துன்னு வேற என்னத்தை எழுதறது?"

கனகவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. புருஷனைத் திட்ட வாயெடுத்தவள் ஜகதீசன் பக்கம் திரும்பினாள்.

"தப்பாச் சொல்லிட்டேன், தம்பி. மனசுல வெச்சுக்காதே. பொரியை ரெண்டு கையும் நிறையப் போடணும், தெரிஞ்சுதா?"

"ஓட்டைப் பூட்டை வாங்கி மாட்டினது நான்தானே, ஆன்ட்டி" என்றான் அவன். பாமா தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். சந்தோஷத்தில் கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

ரோஸ்லின் இடத்தைக் காட்ட, விடுபட்ட கேள்வியை ஜகதீசன் அங்கேயே பிளக்கினில் எழுதிச் சேர்த்தான். கனகவல்லி மறுபடி நட்சத்திரத்தை அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"இனி நான் மட்டும்தான் மாத்த முடியும். ஜோடிப் படத்தையே வெச்சுடறேன்" என்றான்.

"வேணாம். என் பிள்ளை படத்தை மேலே ஏத்து."

"அம்மா!" என்று நந்தகுமார் பதறினான்.

"சும்மா இருடா. யார் பின்னின ஜடைன்னு கீழே எழுதச் சொல்றேன்."

பாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பக்கத்துல என் படமும் போடு. மாறுவேடப் போட்டியில மீசை வரைஞ்சு போலீஸ் வேஷம் போட்டேனே, அது."

ஜகதீசன் நட்சத்திரத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தான். கனகவல்லி முந்திரி நிறைந்த கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்திவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

ராமசுவாமி உள்ளங்கையை விரித்தார்.

"ராகுகாலம் முடிஞ்சிருச்சு. அழுத்து தம்பி."