எழுத்தில் கேட்ட குரல்

வீட்டில் மாசானத்தைத் தவிர யாருமே இல்லாத அந்தச் சாயங்கால வேளையில், சாப்பாட்டு மேசைமேல் நிறுத்தி வைத்திருந்த புது டேப்லெட் ஒரு வார்த்தை எழுதியது.

‘என்னங்க.’

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, பனியன் நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். வார்த்தை அங்கேயேதான் இருந்தது. டிவி ஓடவில்லை. வாசல் கதவு சாத்தியிருந்தது. தெருவில் எவளோ புருஷனைக் கூப்பிட்டிருப்பாள், ஜன்னல் வழியாக வந்திருக்கும் என்று நினைத்தார். ஆனால் ஜன்னலும் சாத்தியிருந்தது. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பினால் வரும் அழுகிய முட்டை வாடைக்குப் பயந்து, மதியமே அவர்தான் எழுந்து போய் அடைத்திருந்தார்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு வெட்டும் சத்தத்துக்கு நடுவே முப்பது வருஷம் கடை நடத்தியதில் அவருடைய வலது காது எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த இடது காதும் மனைவி பிரம்மசக்தி இறந்த நாற்பதாம் நாளுக்குள் அடைத்துக்கொண்டது. ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் மகன் பாலகணேஷ் போன ஞாயிற்றுக்கிழமை இந்த டேப்லெட்டோடு வந்தான். அதன் முன்னால் குனிந்து ஏதோ பேசினான். பெரிய பெரிய எழுத்தில் அது அப்படியே திரையில் ஓடியது.

‘அப்பா, யார் பேசினாலும் இதுல எழுத்தா வந்துரும். இனிமே நீங்க தனியா இல்ல.’

முதலில் அவருக்கும் டேப்லெட் திரைக்கும் ஒத்துப்போகவில்லை. இரும்பைப் பிடித்துப் பிடித்துத் தேய்ந்துபோன விரல் நுனியை அது மதிக்கவே மறுத்தது. நாலு தடவை தொட்டால் ஒரு தடவை அசைந்தது. விரல் கணுவால் தட்டப் பழகிக்கொண்டார். மறுநாள் பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசா குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, டேப்லெட்டை வாய் பிளந்து பார்த்துப் பேசியதை, ‘வடை சோக கீதம்பா’ என்று அது எழுதியது. ‘படா ஷோக்கா கீதுப்பா’ என்றுதான் சொன்னேன் என அவள் கையை ஆட்டி ஆட்டிப் புரியவைத்தபோது, மாசானம் நாலு மாதத்துக்குப் பிறகு முதன்முதலாகச் சிரித்தார்.

அதனால் இதுவும் ஏதோ தப்பாக எழுதியதுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, டம்ளரில் இருந்த காப்பியை எடுத்தார். ஹைரோட்டில் கன்டெய்னர் லாரி போகும்போது தரை அதிர்வது உள்ளங்காலில் தெரிந்தது. திரையில் அடுத்த வரி வந்தது.

‘என்னங்க. கீழ விழுந்துட்டேன்.’

காப்பி வாய்க்குள் அப்படியே நின்றது.

‘எந்திரிக்க முடியல. கதவத் தொறங்க.’

லாரி போய்விட்டது. தரையின் அதிர்வு மட்டும் போகவில்லை. லாரி அதிர்வு நீளமாக வந்து நீளமாகப் போகும். இது விட்டு விட்டு வந்தது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து ஒன்று. வாளியால் தரையில் அடிப்பதைப்போல.

இந்த அதிர்வு அவருக்குத் தெரியும். போன மாசியில் ஒரு மதியம், இதே நாற்காலியில், இதே உள்ளங்காலில் அது வந்திருக்கிறது. அன்று காலையில் லோடு ஏற்ற வந்த ஆட்களின் முன்னால் பிரம்மசக்தி அவரை ‘செவிட்டுப் பொணம்’ என்று ஏசினாள். அதை அவர் இடது காதால் சுத்தமாகக் கேட்டார். மதியம் குளியலறைக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டதும் அதே காதில்தான் விழுந்தது. துண்டு கேட்கிறாளாக்கும் என்று நினைத்தார். பிறகு அவள் குரல் மாறியது. வாளிச் சத்தம் வந்தது. ‘செவிட்டுப் பொணம்தானே, எப்படிக் கேக்கும்? கொஞ்சம் கெடக்கட்டும்’ என்று டிவியில் கபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து, அடுத்த ஆட்டமும் முடிந்தது. எழுந்து போனபோது வாளி அசையவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் இழுத்தார். மாசானம் எல்லாரிடமும் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார். எனக்குக் கேக்கல. பாலகணேஷ் அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் சொன்னதும் அதே இடது காதில் விழுந்தது: உங்க மேல தப்பே இல்லப்பா.

‘ஒரு சத்தமாவது குடுங்களேன்.’

மாசானம் விரலால் திரையைத் தொட்டார். அசையவில்லை. கணுவால் தட்டினார். மறுபடி தட்டினார். வரிகள் மேலேறிக்கொண்டே இருந்தன.

‘தலைல ரத்தம் வருது. பயமா இருக்கு. என்னங்க. என்னங்க. என்னங்க.’

பிரம்மசக்தி குளிக்கும் சந்திரிகா சோப்பு வாடை வந்தது. ஈர மஞ்சள் வாடை. குளியலறை அவருக்குப் பின்னால், சமையலறையைத் தாண்டி இருந்தது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. கழுத்து மரத்துவிட்டது.

திரை பளிச்சென்று மாறியது. வீடியோ கால். பாலகணேஷ்.

எந்த விரல் பட்டதோ, கால் எடுபட்டது. ஆபீஸ் நாற்காலியில் மகன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழ் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் மாசானம் தன்னையே பார்த்தார். வெளிறிய முகம். பின்னால் இருட்டிய சமையலறை.

மகனின் உதடு அசைந்தது. எழுத்து வந்தது.

‘அப்பா, சாப்டீங்களா? டேப்லெட் பழகிருச்சா?’

“பழகிருச்சுப்பா. நீ வை, நான் பொறவு பேசறேன்” என்றார். தன் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

‘ஏன் கத்துறீங்க? டிவில என்ன ஓடுது? யாரோ பொம்பள அழுற மாதிரி கேக்குது.’

“டிவி இல்லப்பா. ஒண்ணும் இல்ல.”

மகன் காதில் மாட்டியிருந்ததை அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்தான். சிரிப்பு போய்விட்டது.

‘அப்பா. அது அம்மா குரல்.’

“போன வைடா!”

‘சும்மா இருங்க. என்னமோ சொல்றாங்க.’

மகன் கேட்டான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். தரையில் அடி நின்றுவிட்டது. பதிலாக வேறொன்று. இழுபடும் அதிர்வு. மெதுவாக. ஈரத் துணி மூட்டையை இழுப்பதைப்போல. சமையலறைத் தரையில். பிறகு ஹாலில்.

பாலகணேஷ் கண்ணைத் திறந்தான். அந்தப் பார்வையை மாசானம் இதுவரை அவனிடம் பார்த்ததில்லை.

‘உங்களுக்குக் கேட்டுச்சாமே. கேட்டுக்கிட்டே கபடி பாத்தீங்களாமே. நெசமாப்பா?’

மாசானம் கணுவால் திரையைத் தட்டினார். அழைப்பு அறுபடவில்லை.

மகன் இப்போது அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், தரையை ஒட்டிப் பார்த்தான். அவன் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. நாற்காலிக் கால். நாற்காலி முதுகு. தோள். அதற்கும் மேலே. உதடு ஒரே ஒரு முறை அசைந்தது.

‘அம்மா.’

பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. ஜில்லென்று.

சின்னக் கட்டத்துக்குள், அவருடைய இரண்டு காதுகளின் மேலும் ஊறி வெளுத்த விரல்கள் படிந்தன. ஈரத் தலைமயிர் அவர் தோளில் வழிந்தது. அதற்குள்ளிருந்து ஒரு வாய் அவருடைய இடது காதுக்குப் பக்கமாக வந்தது. திறந்தது. இன்னும் திறந்தது.

கீழே எழுத்து ஓட ஆரம்பித்தது. ஆ. ஆஆ. ஆஆஆஆஆ. ஒரு வரி நிரம்பி அடுத்த வரி. அதுவும் நிரம்பி அடுத்தது. வரிவரியாக மேலேறி, மகனின் சட்டையை மறைத்து, கழுத்தை மறைத்து, அழுதுகொண்டிருந்த அவன் முகத்தை முழுசாக மூடியது.