பூவிழியின் கடைசித் தாவல்

பூவிழியின் பனியன் முதுகில் பூஜ்யம் ஒளிர்ந்தது. காலையில் ஒன்று இருந்தது. கூடைப்பந்து இறுதி ஆட்டத்தைத் தொடங்கி வைக்க வந்த அமைச்சருக்குத் தாவிக் காட்டியதில் அதுவும் போயிற்று.

அது தாவெண். மூட்டுக்கணிப்பியின் தட்டில் ஏறி நின்றால், முழங்கால் இன்னும் எத்தனை தாவல் தாங்கும் என்று சொல்லிவிடும். வயதானவர்களுக்கு எத்தனை முறை எழுந்திருக்கலாம் என்று சொல்லும். இதுவரை தப்பியதில்லை. போன வருடம் இதே அணியில் இருந்த சுகிர்தா பூஜ்யத்தில் தாவினாள். மூட்டு முறிந்த சத்தம் மேல்வரிசை வரை கேட்டது.

பூவிழி கல்லூரியில் சேர்ந்தபோது இரண்டாயிரம். முதல் வருடமே ஒரே ஆட்டத்தில் ஐம்பத்திரண்டு புள்ளி எடுத்துத் தொலைத்தாள். அதன்பின் அடிக்கல் நாட்டு விழாவா, கல்லூரி முதல்வர் அரங்கராசனின் மணிவிழாவா, எதுவானாலும் பொன்னாடைக்கு முன் அவள் தாவிக் கூடையில் பந்து போட்டாக வேண்டும். சரியாக விழாவிட்டால் இன்னொரு முறை.

ஆறு நொடி பாக்கி. ஒரு புள்ளி பின்னடைவு. இடைநிறுத்தத்தில் முதல்வர் அவளை மேடையருகே அழைத்தார்.

“தாவிப் போடு கண்ணு. காலேஜ் மானம்.”

“பூஜ்யமுங்க சார்.”

“மிஷின் சொன்னா வேதமா? விளையாட்டுக் கோட்டாவுல சீட்டு வாங்குனது ஞாபகம் இருக்கட்டும்.”

நூலகத்துக்கு ஊன்றுகோலோடு போகும் சுகிர்தாவின் ‘டக், டக்’ அவள் காதுக்குள் கேட்டது. விசில் ஒலித்தது. பந்து கைக்கு வந்தது. இரண்டு பாதமும் தரையை விட்டு எழாமலே எறிந்தாள். வளையத்தைச் சுற்றிய பந்து வெளியே விழுந்தது.

“நாளைக்கே டீசி வாங்கிட்டுப் போயிரு!” முதல்வர் உட்கார்ந்தபடியே கத்தினார்.

அப்போது ஒலிபெருக்கி, நாட்டுப்பண்ணுக்கு எல்லோரும் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொண்டது. அரங்கமே எழுந்தது. அமைச்சர் எழுந்தார். முதல்வர் எழவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

காலையில் புகைப்படத்துக்காக அவர் கணிப்பித் தட்டில் ஏறி நின்றபோது பக்கத்தில் நின்றது பூவிழிதான். எண் ஒன்று. “கோளாறு புடிச்ச மிஷின்” என்று சிரித்துவிட்டு இறங்கியவர், மேடை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டையும் அங்கேயே வரவழைத்தார். அமைச்சர் வந்தபோது மட்டும் ஒருமுறை எழுந்தார்.

அமைச்சர் திரும்பிப் பார்த்தார். கேமராக்களும் திரும்பின.

பூவிழி மேடையோரம் வந்து மெதுவாகச் சொன்னாள்:

“எந்திரிங்க சார். காலேஜ் மானம்.”