டீச்சருக்குப் பின்னால்

காலை ஏழு மணிப் படகு பட்டர்வொர்த் வந்து சேர்ந்ததும் பதினைந்து சைக்கிள்கள் வரிசையாக இறங்கின. ஜார்ஜ் டவுனிலிருந்து ஜொகூர்பாரு வரை பத்து நாள் பயணம், இன்று முதல் நாள். கடைசியாக இறங்கியவர் இத்ரீஸ். சாப்பாட்டுக் கடையை மகன்களிடம் விட்டுவிட்டுச் சைக்கிளைப் பிடித்துக்கொண்ட மனுஷர், வயது ஐம்பத்தெட்டு. இந்தக் கூட்டத்துக்கு அவர்தான் வால்.

வால் என்றால் லேசுப்பட்ட வேலை இல்லை. எல்லாருக்கும் கடைசியில் போக வேண்டும். முன்னால் போகிறவர் ஆமை வேகத்தில் உருட்டினாலும் அவருக்குப் பின்னாலேயே உருட்ட வேண்டும். என்ன ஆனாலும் ஒருவரையும் முந்தக் கூடாது. வால் வந்துவிட்டால் எல்லாரும் வந்தாயிற்று என்று கணக்கு.

போன வருஷம் இத்ரீஸ் ஒருவரை முந்தினார்.

கிளாரிஸ் டீச்சர். தனிக்கட்டை, கூட்டத்திலேயே மெதுவானவர், இத்ரீஸோடு வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவார். சுங்கை பாக்காப் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் தலை சுற்றுகிறது என்று இறங்கினார். "நீங்க போங்க அண்ணே. பின்னால வேன் வருதுல்ல, நான் ஏறிக்கிறேன்" என்றார். வெயில் மண்டையைப் பிளந்தது, பசி வேறு. இத்ரீஸ் போய்விட்டார். கூட்டத்துக்குத் துணையாக வரும் வேன் பெரிய சாலை வழியாக எப்போதோ முன்னால் போயிருந்தது அவருக்குத் தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்து எல்லாரும் தேடி வந்தபோது டீச்சர் பாதையோரத்தில் உட்கார்ந்தபடியே இருந்தார். உயிர் இல்லை.

யாரும் இத்ரீஸைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவர் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வருவதை மட்டும் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். இந்த வருஷமும் வாலாக வருகிறேன் என்று அவரேதான் கெஞ்சிக் கேட்டு வாங்கினார். ஒருவரையும் விடாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வேண்டாம்.

சுங்கை பாக்காப்பில் அவர் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதற்குள் கூட்டம் பறந்துவிட்டது. தோட்டத்துப் பாதைக்குள் அவர் தனியாக நுழைந்தபோது மணி பதினொன்றரை. ஓர் ஓலை அசையவில்லை. செம்பனைப் பழம் பிழியும் ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் காயும் புளித்த வாடை வந்துகொண்டிருந்தது.

முன்னால் ஒரே ஒரு சைக்கிள். மஞ்சள் சட்டை.

யாரோ பின்தங்கிவிட்டார்கள் என்று நினைத்து இத்ரீஸ் பின்னால் ஒட்டிக்கொண்டார். காலையிலிருந்து பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாதவருக்கு அந்த முதுகைப் பார்த்ததே சந்தோஷமாக இருந்தது.

"மெதுவாவே போங்க, அவசரம் இல்ல லா. நான் பின்னால இருக்கேன்."



கைப்பிடியில் மாட்டியிருந்த வேக மீட்டர் பன்னிரண்டு காட்டியது. பிறகு ஒன்பது. பிறகு ஆறு. நாலுக்கு இறங்கியபோது இத்ரீஸின் சைக்கிள் தள்ளாடியது. அந்த வேகத்தில் எந்தச் சைக்கிளும் தள்ளாடும்.

முன்னால் போனது தள்ளாடவில்லை.

சங்கிலிச் சத்தம் கேட்டது. காது கொடுத்துக் கேட்டார். அது அவருடைய சங்கிலி மட்டும்தான். கூட்டத்துக்கு இந்த வருஷம் கொடுத்த சட்டை நீலம், மஞ்சள் போன வருஷத்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

போன் அடித்தது. குழுத் தலைவன் கெல்வின்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? நாங்க பதினாலு பேரும் நிபோங் திபால் வந்துட்டோம். சாப்பாடுகூடச் சொல்லியாச்சு."

"எல்லாருமா?" இத்ரீஸின் குரல் கீழே இறங்கிவிட்டது.

"எல்லாரும்தான். நீங்க மட்டும்தான் இன்னும் வரல."

முன்னால் போன சைக்கிள் நின்றது.

நின்றது, சாயவில்லை. இரண்டு பாதங்களும் மிதியிலேயே இருந்தன.

"யா அல்லாஹ்" என்று இத்ரீஸ் முணுமுணுத்தார். போன் கையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது. முந்திக்கொண்டு மிதித்தால் இருபது நிமிஷத்தில் சாப்பாட்டு மேசை, மனித முகங்கள். கால் மிதிக்குப் போனது.

"நீங்க போங்க அண்ணே."

திரும்பாமலே சொன்னது அந்தக் குரல்.

"பின்னால வேன் வருதுல்ல."

இத்ரீஸ் காலைத் தரையில் ஊன்றினார். ஒரு வருஷமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"இல்ல டீச்சர்," என்றார் மெல்ல. "இந்தத் தடவை போகமாட்டேன். நீங்க போனாத்தான் நான் வருவேன்."

வேன் ஓட்டுநர் நூர் முகம்மது அவரைக் கண்டபோது மணி இரண்டே முக்கால். நடு வெயிலில், சைக்கிளை இரண்டு காலுக்கும் நடுவில் பிடித்தபடி இத்ரீஸ் நின்றிருந்தார். உதடு வெடித்திருந்தது. ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பாதையில் வேறு யாரும் இல்லை.

"இந்த ஜாலான்ல, இதே பாதையில ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டேன் அண்ணே. உங்களைக் காணவே இல்லையே."

நூர் முகம்மது இந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். போன வருஷக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. சைக்கிளைப் பின்னால் ஏற்றி, இத்ரீஸை முன் இருக்கையில் சாய்த்து, குளிர்ந்த தண்ணீரைக் கையில் கொடுத்தார். இத்ரீஸ் கண்ணை மூடிக்கொண்டார். வேன் கிளம்பியது.

கொஞ்ச தூரத்திலேயே வேகம் குறைந்தது. ஹாரன் ஒரு முறை அடித்தது.

"என்ன தம்பி?"

"ஒண்ணும் இல்லண்ணே. முன்னால ஒரு அம்மா சைக்கிள்ல போறாங்க, நட்ட நடுவுல. வழி விட மாட்டேங்கிறாங்க. முந்திடவா?"

இத்ரீஸ் கண்ணைத் திறக்கவில்லை.

"வேண்டாம் தம்பி. ஹாரன் அடிக்காதே. அவங்க வேகத்துக்கே போ."

நூர் முகம்மது கியரை இறக்கினார். ஜொகூர்பாருவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.