சங்கிலிமேட்டுக் கல்லும் மூன்று தாள்களும்

"சார், பையக் குடுங்க, நான் தூக்கிட்டு வாரேன்!" என்றார் வனக்காவலர் மாசாணம்.

சார் என்றால் ஜெயசீலன். தவசியின் தோளிலும் ஒரு பை இருந்தது. சொல்லப்போனால் அதுதான் கனமான பை. அது யார் கண்ணிலும் படவில்லை. மலையில் முதல் அடி வைக்கும்போதே தவசிக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

உச்சியில் சங்கிலிமேடு என்றொரு பாழடைந்த கோட்டை. அங்கே எழுத்து வெட்டிய கல் ஒன்று கிடப்பதாகத் தேன் எடுக்கப் போனவர்கள் சொல்லியிருந்தார்கள். ஜெயசீலன் போடியில் பள்ளி ஆசிரியன். பழைய வட்டெழுத்தைக் கடகடவென்று வாசிப்பவன். தவசி பிளெக்ஸ் கடைக்காரன். கல்மேல் ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மை ஒற்றிப் படியெடுப்பதில் கெட்டிக்காரன். ஏழு வருடமாக ஞாயிறுதோறும் இரண்டு பேரும் கல் தேடி அலைகிறார்கள். பேப்பரில் என்ன வரும்? 'ஆசிரியர் ஜெயசீலன் கண்டுபிடித்தார்.' கூடவே அவன் சிரிக்கிற போட்டோ. அதன் ஓரத்தில், தாளைப் பிடித்தபடி, தவசியின் முழங்கை!

ஏழு வருடமாக முழங்கை மட்டும்தான். இந்த முறை விடுவதாக இல்லை.

முதல் நாள் முழுக்க அட்டைக்கடி. ஜெயசீலன் பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தான். அட்டைகூட அவனைக் கடிக்கவில்லையே என்று தவசி பொருமினான். இரண்டாம் நாள் செங்குத்தான வழுக்குப் பாறை. தவசிதான் முதலில் ஏறிக் கயிறு போட்டு இழுத்தான். மேலே வந்ததும் மாசாணம், "சார் இந்த வயசுல என்னமா ஏறுறாரு!" என்று ஜெயசீலனைப் பாராட்டினார். இருவருக்கும் ஒரே வயது!

அன்று மாலை ஒரு பாறைக்குகையில் தங்கினார்கள். தலைக்கு மேலே கோட்டைச் சுவர் தெரிந்தது.

மூன்றாம் நாள், கிழக்கு வெளுத்ததும் தவசி எழுந்தான். மாசாணம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஜெயசீலன் இழுத்துப் போர்த்திக் கிடந்தான். 'தூங்கு மாப்ள, நல்லா தூங்கு!' மூன்று தாள், பிரஷ், மை, தண்ணீர் பாட்டில், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பூனைபோல் நழுவினான்.

ஆகா, என்ன கோட்டை! இடிந்த வாசலுக்குள் நுழைந்தால் சரிந்த தூண்கள். அவற்றின் நடுவே, அதோ கல்! ஓடிப்போய்ப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாசி சுரண்டப்பட்டிருந்தது. எழுத்துப் பள்ளங்களில் வெள்ளையாக ஏதோ பூசியிருந்தது. எவனோ முந்திவிட்டான்!

யோசிக்க நேரமில்லை. வெள்ளையைக் கழுவி முதல் தாளை நனைத்து ஒட்டினான். சுழன்றடித்தது காற்று. தாள் பிய்த்துக்கொண்டு பள்ளத்தாக்குக்குப் பறந்தது. இரண்டாவது தாள்மேல் குப்புறப் படுத்தே அமுக்கினான். பிரஷ்ஷை எடுக்கக் கையை நீட்டியதுதான் தாமதம், அந்தத் தாளும் கிளம்பிவிட்டது. பாய்ந்தான். கால் வழுக்கியது. மறுகணம் பாறை விளிம்பில் ஒரு வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். வேர் நெகிழ்ந்தது.

"ஐயோ, ஜெயசீலா!"

"கைய விடாதடா! புடிச்சுக்க!"

ஒரு கை அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்தது. இருவரும் மூச்சிரைக்கத் தரையில் விழுந்தார்கள். தவசி அந்தக் கையைப் பார்த்தான். முழங்கை வரை கோதுமை மாவு.

"டேய்... அது நீயாடா? அப்பக் குகையில படுத்திருந்தது?"

"பைக்குப் போர்வை போத்திட்டு வந்தேன்" என்றான் ஜெயசீலன் தலையைக் குனிந்து. "உனக்கு முந்தி எந்திரிச்சிட்டேன். நீ வர்றதப் பாத்ததும் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்."

"எதுக்குடா? பேரு, போட்டோ எல்லாம் உனக்குத்தான வருது!"

"போன மாசம் ஒரு புரொபசர் போன் பண்ணாரு. நான் வாசிச்சதப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. 'இவ்வளவு சுத்தமாப் படியெடுத்தது யாரு'ன்னுதான் கேட்டாரு. எனக்கு எரிஞ்சுச்சு. ஒரு தடவையாவது நீ இல்லாம வாசிச்சுக் காட்டணும்னு மாவத் தடவிப் பாத்தேன். ஓரெழுத்தும் வெளங்கல."

"அடப்பாவி, காலைச் சப்பாத்திக்கு வச்சிருந்த மாவாடா அது!" தவசி சிரித்துவிட்டான். அப்புறம் சிரிப்பு நின்றது. "நானும் பொறாமையிலதான்டா வந்தேன். இத்தன வருஷமா."

மிச்சம் ஒரே தாள். ஜெயசீலன் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று நான்கு மூலையையும் கையாலும் முழங்காலாலும் அமுக்கினான். தவசி அடித்தான், காயவிட்டான், மை ஒற்றினான். கறுப்புக்குள்ளிருந்து வெள்ளை எழுத்துகள் வரிவரியாக எழுந்து வந்தன.

"மலையேறி வர்றவங்களுக்காக ஒரு வணிகன் வெட்டின சுனை! கல்லுக்கு வடக்கே இருக்காம்டா!" என்று கத்தினான் ஜெயசீலன்.

வடக்கே புதரை வெட்டினார்கள். உள்ளே கல் படிகள், அடியில் குளிர்ந்த தண்ணீர்! இரண்டு பேரும் மாவும் மையுமாக இருந்த கைகளைக் கழுவிவிட்டு வயிறு முட்டக் குடித்தார்கள். சப்பாத்தி இல்லாத காலைக்கு அதுவே பலகாரம்.

ஊர் திரும்பியதும் பேப்பரில் இரண்டு பெயரும் வந்தன. ஜெயசீலன் பெயர்தான் முதலில். தவசிக்குக் கொஞ்சம் எரிந்தது, பொய் சொல்வானேன். ஆனால் கல்லை யார் முதலில் பார்த்தாலும், அதைப் பேசவைக்க நாலு கை வேண்டும் என்று இப்போது அவனுக்குத் தெரியும்.

பேப்பரில் வந்த போட்டோ அவன் கடையில் தொங்குகிறது. இருவரும் தாளை விரித்து உயர்த்திப் பிடித்ததில் முகங்கள் மறைந்துவிட்டன.

"இதுல நீங்க யாருண்ணே?" என்று கேட்பவர்களிடம் தவசி பெருமையாகக் காட்டுவான்:

"இந்தப் பக்கத்து முழங்கை நான். அந்தப் பக்கத்து முழங்கை அவன்."